மகேந்திரபுரத்துச் சிறைச்சாலை

கந்தபுராண படனம் யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்குப் பரம்பரையாக வந்த பெருஞ்செல்வம். கோயின் மண்டபத்திலே ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் அதன் பயனை விரித்துச் சொல்ல, ஊரவர் ஆசாரத்தோடிருந்து கேட்கும் வழக்கம், எத்தனையோ இடர்களைக் கடந்தும் இன்றளவும் அழியாதிருக்கின்றது. திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையிலே பலகாலம் போதித்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள், எம்மவர் வாழ்க்கை நெறியைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்னும் பெயராற் சுட்டியமை ஆசிரியர்கள் அறிந்ததே. அந்நூலிலே வீரவாகு தேவர் தூதுசென்ற பகுதியை யாம் ஒருமுறை மாணாக்கர்களுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். சூரபன்மனுடைய நகரத்தின் மாடமாளிகைகளையும், படைப்பெருக்கையும், குறையாத செல்வத்தையும் எடுத்துரைத்து, அந்நகரத்திற்றானே தேவர்கள் சிறையிருந்து வருந்தினமையையுஞ் சொன்னோம். அப்பொழுது பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழுந்து, “ஐயா, சிறை இருந்தது அந்த ஊர்ச் சனங்களுக்குத் தெரியாதா?” என்று வினாவினான். யாம் உடனே விடைகூற மாட்டாது நின்றோம்.

அவ்வினா சிறுபிள்ளை வினாவேயாயினும், அறநூல் வல்லாரும் ஆராய்தற்குரிய வினாவாம். ஒரு நாடு செல்வத்தாலும் வலிமையாலும் குறைவற்றிருப்பினும், அதனகத்தே ஒரு சாரார் நியாயமின்றி அடைபட்டிருப்பரேல், அது நன்னாடு எனப்படுமா? அடைத்தவன் அரசனாக, அடைபடாத குடிகளுக்கும் அப்பழியிற் பங்குண்டா? இவ்விரண்டையும் இங்கே ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

வீரமகேந்திரபுரம் தென்கடலின் நடுவே தெய்வத்தச்சனாற் சமைக்கப்பட்டதென்று புராணங் கூறும். பூகோள படத்தை விரித்து அதனைத் தேடுவார் காணார். காணப்படாமையின் அந்நாட்டினியல்பை ஆராய்தலாற் பயனில்லை என்பாருமுளர். அவர் கூற்றுப் பொருந்தாது. என்னை? கணித நூலார் கூறுங் குற்றமற்ற வட்டம் உலகத்தில் யாண்டுங் காணப்படுவதன்று. ஆயினும் வண்டிச் சக்கரத்தின் கோணலை அறிதற்கு அவ்வட்டமே அளவாகின்றது. பெரியோர் தம்முள்ளத்தே கண்ட நாடுகளும் அவ்வாறே யாம் வாழும் நாட்டை அளத்தற்கு அளவாவன.

இவ்வழக்கம் தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. கிரேக்க தேசத்துப் பிளேற்றோ நீதியின் இலக்கணத்தைத் தெளிதற்பொருட்டு ஒரு நாட்டைச் சொல்லாலே கட்டினார். தோமஸ் மோர் என்னும் ஆங்கில அறிஞர் 1516ஆம் ஆண்டிலே இலத்தீன் பாஷையில் ‘உற்றோப்பியா’ என்னும் நூலை வெளியிட்டார். ‘எவ்விடத்தும் இல்லாத இடம்’ என்பது அப்பெயரின் பொருள். அத்தீவிலே தனியுடைமையில்லை; நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் உழைத்தல் போதும்; பொன்னை ஒருவரும் மதியார். ஆயினும் அங்கேயும் அடிமைகள் உளர். அவர்களைப் பிணிக்குஞ் சங்கிலி பொன்னாற் செய்யப்பட்டது. நல்ல நாட்டைக் கற்பிக்க முயன்ற பேரறிஞருக்கும் அடிமையில்லாத நாடொன்றைக் கற்பித்தல் அரிதாயிற்று. கம்பநாடர் கோசல நாட்டைப் பாடியபோது எக்குறையுமில்லாத நாட்டைக் காட்டினார். காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் அருச்சகராயிருந்த கச்சியப்ப சிவாசாரியரோ, மகேந்திரபுரத்தைப் பாடுமிடத்து, எல்லாம் நிறைந்துள்ளதுபோலத் தோன்றி ஒன்றினாற் கெட்டழிந்த நாட்டைக் காட்டினார். நல்லதைக் காட்டிக் கற்பித்தல் ஒரு முறை. தீயதன் பொலிவையும் உள்ளே மறைந்த கேட்டையும் ஒருங்கே காட்டிக் கற்பித்தல் மற்றொரு முறை. பின்னையது அரிய முறை. எமக்கு மிக வேண்டியதும் அதுவே.

இனி, அந்நாட்டை அரசு, பொருள், குடி என்னும் மூவகையால் நோக்குவாம்.

அரசியலாவது: சூரபன்மன் வலியில்லாத அரசனல்லன். அருந்தவமும் பெருவேள்வியுஞ் செய்து, ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் வரத்தைச் சிவபெருமானிடத்தே பெற்றவன். அவனுக்கு அமைச்சருண்டு, மந்திராலோசனையுண்டு, ஆணையை மீறுவாரில்லை. ஒழுங்கு என்னும் ஒன்றையே நல்லரசின் இலக்கணமாகக் கொள்வார்க்கு அவனரசிற் குறைகாணல் அரிது. ஆயின் அவ்வரசுக்கு வித்து எங்கே இடப்பட்டதென்பதைச் சிவாசாரியர் மறவாது காட்டியுள்ளார். தந்தையாகிய காசிபர் மைந்தரை அழைத்துத் தருமத்தையுந் தவத்தையும் உபதேசித்தார். தாயாகிய மாயை அதனை விலக்கி, செல்வத்தையும் வலிமையையும் தேடுதலே வாழ்வென்று உபதேசித்தாள். மைந்தர் தாயுரையைக் கொண்டனர். பின்னாளிலே குலகுருவாகிய சுக்கிரனும் அதற்கிசையவே போதித்தான். ஆகவே கொடுங்கோல் அரியணையிலே தோன்றவில்லை. இளமையிற் கற்ற பாடத்திலே தோன்றியது. ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார் இதனை ஊன்றி நோக்குக. திருவள்ளுவ நாயனாரும் 74ஆம் அதிகாரத்திலே நாட்டின் உறுப்புக்களையெல்லாம் வகுத்துரைத்து, வேந்தனோடு பொருந்தாத நாட்டுக்கு அவையெல்லாம் இருந்தும் பயனில்லை என்று முடித்தனர். உறுப்புக்கள் மகேந்திரபுரத்திற் குறைவில்லை, முடிவு குறைந்தது.

பொருளியலாவது: ஒரு நாட்டின் செல்வத்தைக் காண்பார் அதன் அளவை மாத்திரங் காணுதல் போதாது, அது யாருடைய உழைப்பினால் வந்தது, அவ்வுழைப்பு மனமொத்துச் செய்யப்பட்டதா என்பவற்றையுங் காணவேண்டும். மகேந்திரபுரத்திலே தேவர்கள் ஏவற்றொழிலுக்கு ஆளாயினர். கடலினின்று மீனைச் சுமந்துகொணர்ந்து அவுணர்க்கு இடும்படி பணிக்கப்பட்டனர். இவ்விடத்திலே பயன்சொல்வார் சிலர், தேவர்கள் இழிதொழில் செய்ய நேர்ந்ததே என்று இரங்குவர். அது பிழைபட்ட இரக்கம். மீன்பிடித்தல் இழிவாயின், நாகபட்டினத்துக் கடற்றுறையிலே வலைத்தொழில் செய்து, அகப்பட்ட முதன்மீனை நாடோறுஞ் சிவபெருமானுக்கென்று விட்ட அதிபத்த நாயனார் அறுபத்துமூவருள் ஒருவராய் வணங்கப்படுதல் யாங்ஙனம்? தொழிலில் இழிவில்லை, ‘மாட்டேன்’ என்று சொல்லுதற்கு உரிமையின்றி ஒருவனை வருத்தி வேலைகொள்ளுதலே இழிவு. அவ்விழிவும் செய்தவனுக்கன்று, செய்வித்தவனுக்கேயாம். அவ்வாறு வந்த செல்வம் எத்துணைப் பெரிதாயினும், பிறருடைய கடனை வைத்திருப்பவன் செல்வம் போல, என்றோ ஒருநாட் கணக்குக் கேட்கப்படுவது.

குடியியலாவது: மாணாக்கன் வினாவிய இடம் இதுவே. மகேந்திரபுரத்துக் குடிகள் பசியறியார், பகையறியார். சயந்தன் முதலிய தேவர்கள் கிடந்த சிறை அந்நகரத்திற்றான் இருந்தது. குடிகள் அதனை அறியாதிருத்தல் கூடாது. அறிந்தும் அஃது அவர்களுக்கு ஒரு பொருளாகத் தோன்றவில்லை. தினந்தோறுங் காணப்படுங் கொடுமை கண்ணுக்குப் பழகிவிடும். பழகியது முறையென்று எண்ணப்படும். முறையென்று எண்ணப்பட்டதை வினாவுதல் குற்றமாகக் கருதப்படும். இப்படியே பழக்கத்தினாற் கண்கெட்ட குடி மகேந்திரபுரத்துக் குடி.

அறிந்தவன் ஒருவனும் இல்லையா எனின், உளன், அவன் சிங்கமுகன். முருகக் கடவுள் பாலரல்லர், முழுமுதற் பொருளேயாவரென்றும், தேவரைச் சிறைவிடுதலே தக்கதென்றும் தமையனுக்கு அவன் அவையிலே இடித்துரைத்தான். தமையன் சினந்தபோது தன்னுரையை விடுத்து, அவன் பக்கத்தே நின்று பொருது மடிந்தான். உண்மையை உணர்ந்தமையும் அதனைச் சொன்னமையும் அவனைக் காக்கவில்லை. சொன்னதின்கண் நில்லாமை அவனைக் கெடுத்தது. ‘எமக்கும் உள்ளத்திலே உடன்பாடில்லை, சுற்றத்தாருக்காகப் பொறுத்தோம்’ என்று கூறுங் கற்றவர் யாவரும் சிங்கமுகனுடைய வழியிலே நிற்பவராவர்.

இனி வீரவாகு தேவர் கொண்டுசென்ற தூதின் பொருளை நோக்குக. செல்வத்தை விடுகவென்று அவர் கூறினாரல்லர். அரசை விடுகவென்றுங் கூறினாரல்லர். தேவரைச் சிறைவிடுத்து அறநெறியில் நின்று வாழ்கவென்பதே தூது. சிறையொன்றை நீக்கின் ஏனைய யாவும் நிலைபெறும். அஃதொன்றை நீக்காமையின் யாவும் அழிந்தன. ஒரு நாட்டின் நன்மை தீமைகளை அளத்தற்கு ஆறுமுகக் கடவுள் கையாண்ட அளவுகோல், அந்நாட்டிலே அடைபட்டோர் நிலையேயாம்.

இங்ஙனங் கூறியவழி, சைவசித்தாந்தங் கற்றார் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர்: “தேவர்கள் தக்கன் வேள்வியிலே சிவநிந்தைக்கு உடன்பட்டு அவியுண்டார்கள், அத்தீவினையின் பயனே சிறைத்துன்பமென்று புராணமே கூறுகின்றது. தத்தம் வினையை அவரவர் நுகருமிடத்துச் சூரன்மேற் குற்றமென்னை?” என்பது அத்தடை. இது வலியுடையது, இதனை விடுத்தன்றி மேற்செல்லுதல் தகாது.

விடை வருமாறு: வினை சடம், அது தானே சென்று பயன்கொடாது. அதனை அறிந்து கூட்டி நுகர்விப்பவர் சிவபெருமான் ஒருவரே என்பது எமது சித்தாந்தத்தின் துணிபு. ஒருவனுக்குரிய துன்பத்தை இன்னவாறு இத்துணையென்று அளந்தறியும் ஞானம் உயிர்களுக்கில்லை. அவ்வாறாக, ‘இவன் தன் வினையை அனுபவிக்கின்றான்’ என்று சொல்லி ஒருவனை அடைத்து வைப்பவன், சிவனுக்குரிய தொழிலைத் தான் கவர்ந்துகொள்ளுகின்றான். நோயும் வினைப்பயனே, அதுபற்றி மருத்துவன் நோயாளியைக் கைவிடுவானா? வறுமையும் வினைப்பயனே, அதுபற்றி அன்னதானத்தை அறநூல் விலக்கிற்றா? பிறனுடைய துன்பத்தைக் கண்டவிடத்து அவன் பழவினையை எண்ணுதல் எமது தொழிலன்று. எமக்கு வந்து சேரும் புதுவினையை எண்ணுதலே தொழில். தேவர்கள் செய்த வினைக்குச் சிறை பயனாயிற்று. சூரன் செய்த சிறைக்கு வேல் பயனாயிற்று. ஒருவர் வினை மற்றொருவர் வினைக்குப் பரிகாரமாகாது.

“வரத்தினாற் பெற்ற அரசன்றோ?” என்பது இரண்டாவது தடை. ஆளுதற்கு வரம் பெற்றான். அடைத்தற்கு வரம் பெற்றானல்லன். முன்னோர் தந்த நிலமும், படிப்பும், ஊரிற் பெற்ற மதிப்பும் அவ்வாறே எமக்கு வந்த வரங்கள். அவை பிறரைத் தாழ்த்துதற்கு உரிமைச்சீட்டு ஆகா.

கடலுக்குள் மறைந்த நாட்டைப்பற்றி இத்துணையுங் கூறியது, எம்முடைய நாட்டை அவ்வளவுகோலால் அளத்தற்பொருட்டே. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1707ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை எழுதப்பட்டபோது, காணி பூமிகளைப் பற்றிய விதிகளோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. எம்முன்னோர் துலா மிதித்து நீரிறைத்த தோட்டங்களிலே விளைந்த செல்வத்துள் அடிமைகளின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை மறைத்தற்கில்லை. சட்டத்தினால் அடிமைநிலை 1844ஆம் ஆண்டிலே ஒழிந்தது, வழக்கத்தினால் ஒழியவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி, உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்குஞ் சமஆசனம் அளிக்கவேண்டும் என்று கல்விப் பகுதியார் பணித்தபோது, சைவத்தின் பெயராலேயே எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு குழந்தை வாங்கிலே இருத்தலைப் பொறாது கல்விச்சாலையைக் கொளுத்தியவர்களும் கந்தபுராணங் கேட்டு வளர்ந்தவர்களே. அக்காலத்திலே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர் சமஆசனத்தையும் சமபோசனத்தையும் ஆதரித்துச் சுற்றத்தாரின் வெறுப்பைத் தாங்கி நின்றனர். அவர்கள் சிங்கமுகனைப்போற் சொல்லி, சிங்கமுகனைப்போல் மீளாதவர்கள். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் நிறைவேறிற்று. நிறைவேறிப் பதினோராண்டு கழிந்தபின், 1968ஆம் ஆண்டிலே, மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயிலினுள்ளே சென்று வழிபட விரும்பிய அடியார்கள் வாயிலிலே தடுக்கப்பட்டனர். சிறைவிடுகவென்று தூதனுப்பிய பெருமானுடைய சந்நிதியிலேயே கதவு அடைக்கப்பட்டதென்றால், புராணத்தை யாம் கேட்டோமா, கேட்டதாக எண்ணிக்கொண்டோமா?

சாதியொன்றே சிறையன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்திலிருந்தோர் சில மணிநேரத்துள் வீட்டையும் பொருளையும் விட்டுச் செல்லவேண்டியவராயினர். அயல்வீட்டார் போவதை எம்மிற் பலர் வாசலில் நின்று கண்டோம், அச்சத்தினால் வாய்திறவாதிருந்தோம். 2009ஆம் ஆண்டிலே யுத்தம் முடிந்தபோது, வன்னியிலிருந்து வந்த எம்மக்கள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளம் முதலிய இடங்களிலே முட்கம்பி வேலியுள் வைக்கப்பட்டனர். அப்பொழுது வேலிக்கு வெளியேயுள்ள உலகம் வாய்திறவாதிருந்ததென்று யாம் நொந்தோம். நொந்தது நியாயமே. ஆயின் வேலிக்குள் இருக்கும்போது மாத்திரம் நியாயத்தை உணர்ந்து, வெளியே நிற்கும்போது மறப்பவன் நியாயத்தை அறிந்தவனாகான். சிறையிருத்தல் இன்னதென்று அறிந்த மக்கள், பிறரைச் சிறைவைத்தற்கு அஞ்சுவதிலே ஏனையோரினும் முற்படவேண்டியவராவர்.

சைவாசிரியர்களே! அரசை நடத்துதல் எம் கையிலில்லை. நாட்டின் பொருளைப் பங்கிடுதலும் எம் கையிலில்லை. குடிகளை ஆக்குதல் எம் கையிலுள்ளது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பறை, ஓராசிரியர் ஆளும் நாடு. அதில் விளக்குமாறு எடுக்கும்படி எந்தப் பிள்ளை எப்பொழுதும் ஏவப்படுகின்றான்? தண்ணீர்க் குடத்தை எடுக்க எவன் அழைக்கப்படுகின்றிலன்? சரசுவதி பூசையிலே நிவேதனத்தைத் தொடும் பிள்ளை யார், தூரத்தே நின்று வாங்கும் பிள்ளை யார்? கூட்டுதலும் நீரெடுத்தலும் நல்ல தொழில்களே. அவை முறைவைத்து யாவர்க்கும் வருவனவாயின் தொண்டாம், ஒருவனுக்கே வருவனவாயின் ஏவலாம். இதனை ஆசிரியர் ஒருகிழமை குறித்துவைத்துப் பார்ப்பாராயின், தம் நாட்டின் நிலையைத் தாமே அறிவர். புராண படனத்திலே பயன்சொல்லும் ஆசிரியர்கள், நகரச் சிறப்பை விரித்து, போரை விரித்து, சிறைப்பகுதியைச் சுருக்கிச் செல்லும் வழக்கத்தையும் விடல்வேண்டும். சிறை இல்லையேற் போருக்குக் காரணமில்லை. வேல் எதற்காக விடுக்கப்பட்டதென்று அறியாது சூரசங்காரங் கண்டவன், வேடிக்கையைக் கண்டானேயன்றி விழாவைக் கண்டவனல்லன்.

சூரனும் ஈற்றிலே அழிக்கப்பட்டானல்லன். மயிலுஞ் சேவலுமாய் ஆட்கொள்ளப்பட்டான். சிறைவைத்தோருக்குந் திருந்துதற்கு வழியுண்டு என்பதே அதனால் அறியத்தக்கது. முன்னோர் செய்த பிழையைக் கூறுதல் அவர்களை இகழ்தற்கன்று. அவர்கள் விட்ட இடத்திலிருந்து யாம் தொடங்குதற்கேயாம்.

மகேந்திரபுரத்தைப் பாடிய அச்சிவாசாரியரே, பூசை முடிவிலே யாம் நாடோறும் ஓதும் வாழ்த்தையும் அருளினார். அதில் மழை வேண்டப்படுகின்றது. முறையான அரசு வேண்டப்படுகின்றது. உயிர்கள் குறைவின்றி வாழ வேண்டப்படுகின்றது. பொருள், அரசு, குடி என்னும் மூன்றும் அங்கே அடங்கின. குறைவின்றி வாழவேண்டியோரைக் கூறுமிடத்து, எம்மவர் என்றாயினும் உயர்ந்தோர் என்றாயினும் அவர் கூறவில்லை. உயிர்கள் என்றே பொதுவாகக் கூறினார். அச்சொல்லின் எல்லைக்குள் வாராத உயிர் யாது?

அப்பிள்ளைக்கு யாம் மறுநாள் விடை சொன்னோம்: “தெரியும், தம்பி. தெரிந்தும் கேளாதிருந்தார்கள். நீ கேட்டாய், கேட்பதை விடாதே.” அவ்வினாவை எம் வகுப்பறைகளிலே அடக்காது வளர்ப்போமாயின், தென்கடலிலே அமிழ்ந்த நகரம் எம் நிலத்திலே மறுபடியும் எழாது. அதற்குச் செந்திற் பெருமான் திருவருள் முன்னிற்க.